அடிக்கும் முன் ஒரு நிமிடம்! வீட்டுக்குள் வந்த புதுப் பூச்சி எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டியூப்லைட்டைத் தேடி ஈசல் மட்டும் வருவதில்லை. பெயர் தெரியாத வண்டு, சுவரில் ஒட்டிக்கொண்டு ஊரும் ஏதோ ஒன்று, குளியலறை மூலையில் பஞ்சு போல உட்கார்ந்திருக்கும் குட்டிப் பூச்சி, மாடித் தோட்டத்துச் செடியில் முள்முள்ளாக ஒரு புழு என்று வரிசையாக விருந்தாளிகள். "இது என்ன பூச்சி? கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பலரும் முதலில் செய்வது, செருப்பையோ துடைப்பத்தையோ எடுத்து ஒரே அடி.

பெரும்பாலான நேரங்களில் இதனால் மனிதருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் சில பூச்சிகளை நசுக்கினால்தான் ஆபத்தே தொடங்கும். சில பூச்சிகளைக் கொன்றால் செடியின் காவலாளியைக் கொன்றதாகிவிடும். எனவே அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் கவனித்தால் போதும். எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

சரியான பெயர் தெரிந்தே ஆக வேண்டுமா?

தேவையில்லை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் சுமார் 10 லட்சம். அதில் வண்டுகள் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம். நிபுணர்களே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் பல பூச்சிகளின் முழுப்பெயரைச் சொல்ல முடியும்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயங்கள். இது மனிதரைக் கடிக்குமா, கொட்டுமா? வீட்டையோ பொருளையோ செடியையோ அரிக்குமா? இரண்டும் இல்லையென்றால் இங்கே என்ன செய்கிறது? வண்டா, ஈயா, குளவியா, அந்துப்பூச்சியா என்று எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்துவிட்டாலே இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

முதல் வேலை: காலை எண்ணுங்கள்

6 கால் இருந்தால் அது பூச்சி. தலை, மார்பு, வயிறு என உடல் மூன்று பகுதியாக இருக்கும்.

8 கால் இருந்தால் அது பூச்சியே இல்லை. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவை இந்த வகை. முதல் மழைக்குப் பிறகு மண்ணில் வெல்வெட் துணி போலச் செக்கச்செவேலென்று ஊருமே, பட்டுப்பூச்சி என்றும் தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்களே, அதற்கும் 8 கால்தான். அது மனிதரை ஒன்றும் செய்யாது.

எண்ண முடியாத அளவுக்குக் கால்கள் இருந்தால், பூரானா மரவட்டையா என்று பாருங்கள். பூரானின் உடல் தட்டை. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு ஜோடி கால். வேகமாக ஓடும், கடித்தால் நல்ல வலி இருக்கும். மரவட்டையின் உடல் உருண்டை. பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி கால். ரயில் போல மெதுவாகப் போகும், தொட்டால் சுருண்டுகொள்ளும். அது கடிப்பதில்லை. ஆனால் அதன் உடலில் கசியும் திரவம் தோலில் கறையையும் எரிச்சலையும் ஏற்படுத்தலாம் என்பதால், குழந்தைகள் தொட்டிருந்தால் கையைக் கழுவச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புழுக்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. புழு என்பது தனி இனம் அல்ல. வண்ணத்துப்பூச்சி, வண்டு, ஈ ஆகியவற்றின் குழந்தைப் பருவம். வளர்ந்த பூச்சிக்கும் அதன் புழுவுக்கும் உருவத்தில் ஒற்றுமையே இருக்காது.

இரண்டாவது: இறக்கை, இடுப்பு, மீசை

முதுகில் ஓடு போலக் கெட்டியான மூடி இருந்து, நடுவில் நேர்க்கோடாகப் பிரிந்தால் அது வண்டு. மெல்லிய இறக்கை இரண்டே இரண்டு என்றால் ஈ, கொசு வகை. நான்கு மெல்லிய இறக்கைகளும், நூல் கட்டினாற்போல ஒட்டிய இடுப்பும் இருந்தால் பெரும்பாலும் குளவி. இறக்கையைத் தொட்டால் கையில் மாவு போல ஒட்டினால் அந்துப்பூச்சி அல்லது வண்ணத்துப்பூச்சி. இவற்றில் மீசையின் நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. நூல் போலவோ சீப்பு போலவோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி.

இறக்கையே இல்லாமல், வெள்ளி போல மின்னி, பின்னால் மூன்று வாலோடு புத்தக அலமாரியில் ஓடுகிறதா? அது ராமபாணம். மனிதரைக் கடிக்காது, காகிதத்தைத்தான் அரிக்கும்.

மூன்றாவது: எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தது?

உருவத்தைவிட இருந்த இடமே சில நேரங்களில் அதிகம் சொல்லும். அரிசி டப்பாவில் மூக்கு நீண்ட பழுப்பு வண்டு என்றால் அரிசி வண்டு. அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது. புடைத்து, காயவைத்தால் போய்விடும். மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகளும் தட்டையான பழுப்புப் பூச்சியும் என்றால் மூட்டைப்பூச்சி. வீட்டோரம் காய்ந்த மணலில் புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள் என்றால் குழியானை. அதற்கு எறும்புதான் சாப்பாடு.

நசுக்கவே கூடாத பூச்சி எது?

மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு வண்டைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பார்க்க எறும்பு போல ஒல்லியாக இருக்கும். தலை கறுப்பு, அடுத்து ஆரஞ்சு, நடுவில் நீலமோ பச்சையோ மின்னும் குட்டை மூடி, மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு என்று மாறி மாறி நிறம் இருக்கும். ஓடும்போது தேள் போல வாலைத் தூக்கும். இதன் அறிவியல் பெயர் பெடரஸ்.

2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் 100 மாணவர்களுக்கு இந்தப் பூச்சியால் தோல் புண் ஏற்பட்டது. அப்போது செய்திகளில் 'நைரோபி ஈ' என்ற பெயர் பரவியது. அந்தப் பெயரிலேயே தப்பு இருக்கிறது. இது ஈ அல்ல, வண்டு. ஈ என்று நினைத்தால் கையால் தட்டி அடிக்கத் தோன்றும். அதுதான் செய்யக்கூடாத காரியம்.

இந்த வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. இதன் உடல் திரவத்தில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. வண்டைத் தோலின் மேல் வைத்து நசுக்கினால் அந்தத் திரவம் தோலில் பட்டுவிடும். உடனே ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, தேய்த்த இடத்தில் கோடு போட்டாற்போலச் சிவந்து, எரிந்து, கொப்புளம் வரும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரிப் புண் வரும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டால் கண்ணும் வீங்கும்.

தோலில் இது ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு வெளியே போடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அந்த இடத்தைச் சொறியக் கூடாது. படுக்கை விரிப்பையும் துணியையும் துவைத்துவிட வேண்டும். புண் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும், கறுத்த தழும்பு மட்டும் சில நாள் இருக்கலாம். வயலில் இதே வண்டு நெற்பயிரைத் தாக்கும் புகையான் போன்ற பூச்சிகளைத் தின்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"இது அக்கிதானே?" என்ற குழப்பம்

பெடரஸ் புண்ணைப் பார்த்ததும் பல வீடுகளில் "அக்கி வந்திருக்கு, எழுதணும்" என்பார்கள். அக்கி என்பது வைரஸால் வருவது. சின்னம்மை வந்து போன பிறகு நரம்பில் ஒளிந்திருக்கும் அதே வைரஸ் பல ஆண்டுகள் கழித்து மறுபடி எழுவதால் வரும் நோய். இரண்டிலும் எரிச்சல், கொப்புளம் உண்டு. ஆனால் அக்கி பொதுவாக உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாக வரும். கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் வலி தொடங்கியிருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அக்கிக்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். "ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கும், தானா சரியாயிடும்" என்று விட்டால் அந்த நேரம் போய்விடும். அதிலும் நெற்றி, கண் பக்கம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

சுவரில் ஊரும் 'வெள்ளரி விதை' எது?

சாம்பல் நிறத்தில், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், இரு முனையும் கூரான தட்டையான கூடு ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். சிமெண்ட் துகள் என்று நினைத்தால் மெல்ல நகரும். இது ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு. மணலையும் தூசியையும் பட்டு இழையால் பின்னி வீடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறது. இரண்டு முனையிலும் வாசல் உண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையை நீட்டும். பழைய ஒட்டடை, முடி, கம்பளி இழை ஆகியவைதான் இதற்கு உணவு. கடிக்காது. மருந்து அடிக்கத் தேவையில்லை. ஒட்டடை அடித்துச் சுத்தமாக வைத்தாலே குறைந்துவிடும்.

குளியலறைச் சுவரில் இதய வடிவில், ரோமத்தோடு உட்கார்ந்திருக்கும் குட்டிச் சாம்பல் பூச்சியும் அப்படித்தான். கொசு என்று நினைத்து அடிக்கிறார்கள், ஆனால் அது இரத்தம் குடிப்பதில்லை. தண்ணீர் போகும் குழாயில் படியும் வழுவழுப்பான அழுக்கில்தான் அதன் புழுக்கள் வளர்கின்றன. சுவரில் எத்தனை முறை ஸ்பிரே அடித்தாலும் திரும்ப வரும். குழாய் வாயைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் நிற்கும்.

ஈசலா, இறக்கை முளைத்த எறும்பா?

இதில் வீட்டுக்காரரின் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பு ஒட்டியிருக்காது, மீசை மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. இடுப்பு ஒட்டியிருக்கும், மீசை முழங்கை போல மடிந்திருக்கும்.

மழை நாளில் ஜன்னல் வழியாக விளக்குக்கு வரும் ஈசல் வெளியே உள்ள புற்றிலிருந்து வருவது. விளக்கை அணைத்தால் போதும். ஆனால் கதவு நிலை, சுவர் விரிசல், தரை இடுக்கு ஆகியவற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் வீட்டுக்குள்ளேயே கறையான் குடியிருக்கிறது என்று பொருள். சுவரோரம் மண் கோடு ஓடுகிறதா, நிலைக்கட்டையைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பறக்கும் ஈசலைக் கொல்வதால் புற்றுக்கு ஒன்றும் ஆகாது.

மண் கூடு கட்டிய குளவி ஆபத்தா?

ஜன்னல் ஓரத்திலும் ஃபேன் பெட்டியிலும் தனியாக மண் கூடு கட்டும் குளவி, அநேகமாக யாரையும் தேடி வந்து கொட்டாது. இது கூட்டமாக வாழும் இனம் இல்லை. கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகளோ பச்சைப் புழுக்களோ அடுக்கியிருக்கும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பழமொழி இதிலிருந்து வந்ததுதான். உண்மையில் புழு குளவியாவதில்லை. கொட்டி மயங்க வைத்த இரையோடு குளவி தன் முட்டையை வைத்து மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அந்த இரைதான் சாப்பாடு.

கதண்டு அப்படியல்ல. பனை, தென்னை, கட்டடத்தின் உயரமான மூலைகளில் காகிதம் போன்ற பெரிய கூடு கட்டிக் கூட்டமாக வாழும். கலைத்துவிட்டால் கும்பலாக வந்து கொட்டும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. கல் எறிவது, தீ வைப்பது போன்ற எதையும் செய்யாமல் தீயணைப்புத் துறைக்கு 101 என்ற எண்ணில் தகவல் சொல்வதே சரி.

தோட்டத்தில் எது எதிரி, எது நண்பன்?

பொறிவண்டு என்றால் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி என்று எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத்தான் அடையாளம் தெரியாது. கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலைக்குட்டி போல நீளமாக, முரட்டுத்தனமாக இருக்கும். பார்த்ததும் கிள்ளி எறிகிறார்கள். செடியின் சாறு உறிஞ்சும் அசுவினியைப் பிடித்துத் தின்பதில் பெரிய வண்டுக்குச் சற்றும் சளைத்ததல்ல அந்தப் புழு.

இன்னும் பெரிய ஏமாற்றுக்காரர் ஒருவர் இருக்கிறார். 1898-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு, மாவுப்பூச்சிகளின் நடுவிலேயே உட்கார்ந்து அவற்றைத் தின்னும். வித்தியாசம் இதுதான்: மாவுப்பூச்சி இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. இந்தப் புழு பெரிது, மெழுகு நூல்கள் நீளமாகத் தொங்கும், தொட்டால் சுறுசுறுப்பாக ஓடும்.

இலையில் மெல்லிய நூலின் நுனியில் வெள்ளைப் புள்ளிகள் நிற்பதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கிறார்கள். அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அதன் புழுவும் அசுவினியைத் தின்னும் நண்பன்தான்.

சரியாக அடையாளம் காண்பது எவ்வளவு பெரிய வேலையை மிச்சப்படுத்தும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் தெரிந்ததால், அதன் இயற்கை எதிரி எது என்பதும் தெரிந்தது. 2010-ல் மத்திய அரசின் பெங்களூரு பூச்சி ஆய்வு நிறுவனம் வழியாக போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டி ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சி அடங்கியது.

தொடக் கூடாதவையும் தோட்டத்தில் உண்டு. முருங்கை மரத்தில் கூட்டம் கூட்டமாக இருக்கும் கம்பளிப்பூச்சியின் ரோமம் பட்டால் கடுமையாக அரிக்கும். அரிக்கிறதே என்று தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே போகும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

செல்போன் ஆப் சொல்வதை நம்பலாமா?

கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை நல்ல உதவிதான். ஆனால் அவை முதலில் தருவது ஒரு யூகம். ஐநேச்சுரலிஸ்டில் படத்தைப் பதிவேற்றினால் பூச்சிகளைத் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். படம் தெளிவாக இருந்தால்தான் அவர்களாலும் சொல்ல முடியும்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று படங்கள் வேண்டும்.
- பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும்.
- கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் காகிதம் சொருகினால் கையில் படாமல் பிடித்துவிடலாம்.
- ஊர், தேதி, எந்தச் செடி அல்லது எந்த அறை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

செடி, பயிர் தொடர்பான பூச்சி என்றால் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். பூச்சிகளைப் பார்த்துப் பழக விரும்புவோருக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் பூச்சிகள் அருங்காட்சியகம் இயங்குகிறது.

எப்போது பூச்சியைத் தேடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

கொட்டிய பிறகு மூச்சுத்திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கதண்டோ தேனீயோ பல இடங்களில் கொட்டியிருந்தாலும், குழந்தையைத் தேள் கொட்டியிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதைத் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. புதர், புல்வெளியில் இருக்கும் ஒரு வகை உண்ணியின் மிகச் சிறிய குஞ்சுகள் கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருகிறது. கடித்தது தெரியாது, வலிக்காது. காய்ச்சலோடு அக்குள், இடுப்பு, தொடை மடிப்பு போன்ற இடங்களில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மற்றபடி, நசுங்கிய பூச்சியை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. முழுதாக ஒரு டம்ளருக்குள் இருந்தால் சொல்ல முடியும். அடுத்த முறை டியூப்லைட் பக்கம் ஏதாவது புதிதாக ஊர்ந்தால், முதலில் கையில் எடுக்க வேண்டியது செருப்பை அல்ல, டம்ளரை.